சிவப்பு எட்டிப் பார்க்காத பிரவுன்: கருமுடிக்கும் நரைக்கும் சாயம் பூசும் முறை

டப்பாவின் மேல் இருப்பது காப்பிக்கொட்டை நிறம். பூசி, அலசி, காயவைத்துக் கண்ணாடி முன் நின்றால் வீட்டுக்குள் பரவாயில்லை என்றுதான் தோன்றும். வெயிலில் இறங்கியதும் செங்கல் நிறம் அடிக்கும். கருமுடியில் பிரவுன் பூசுகிறவர்கள் அடிக்கடி படும் அவதி இது. சாயம் சரியில்லை என்று கம்பெனியை மாற்றுவார்கள். அடுத்த டப்பாவிலும் அதே சிவப்பு வரும். அந்தச் சிவப்பு பெரும்பாலும் டியூபிலிருந்து வருவதில்லை. முடிக்குள் ஏற்கெனவே இருப்பதைத்தான் நாம் திறந்துவிடுகிறோம்.

முடிக்குள் இருக்கும் மெலனின் இரண்டு வகை. கருமையும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தில் உள்ள பெராக்சைடு முடிக்குள் இறங்கும்போது யூமெலனின் எளிதில் உடையும், மற்றது பிடிவாதமாக நிற்கும். அதனால் கருமுடியை எவ்வளவு வெளுத்தாலும் முதலில் தலைகாட்டுவது அடர்சிவப்பு. இன்னும் வெளுத்தால் செம்மஞ்சள், அதற்கும் மேலே மஞ்சள். இந்த வரிசையைத் தாண்டிப் போக எந்தச் சாயத்தாலும் முடியாது.

நரைமுடியின் கதை வேறு. அதில் மெலனினே இல்லை, ஆகவே உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பும் இல்லை. நரை சிவந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பூசிய சாயம் அல்லது மருதாணி. கருப்பும் வெள்ளையும் கலந்த தலையில் ஒரே சாயம் இரண்டு நிறம் காட்டுவது இதனால்தான். சாயம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே, சிவப்பது கருமுடியா நரையா என்று வெயிலில் நின்று பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

எண்ணைப் படியுங்கள், பெயரை விடுங்கள்

சாக்லேட், மோக்கா, செஸ்ட்நட் என்ற பெயர்களுக்கு நிலையான பொருள் கிடையாது. ஒரு கம்பெனியின் சாக்லேட்டில் சிவப்பு கலந்திருக்கும், இன்னொன்றில் இருக்காது. மஹோகனி, பர்கண்டி, காப்பர், கேரமல் என்று பார்த்தால் செம்மை சார்ந்த நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு வேண்டாதவர்கள் எடுக்கவே கூடாது. மற்றதற்கெல்லாம் எண்தான் கணக்கு.

டப்பாவில் 4.15 போல ஓர் எண் இருக்கும். அதில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு கருமை என்பதைச் சொல்லும், இதைத்தான் நிலை என்பார்கள். 1 கருப்பு, 3 அடர் பிரவுன், 4 நடுத்தர பிரவுன், 5 வெளிர் பிரவுன். தமிழர்கள் பலரின் இயற்கை முடி 1 அல்லது 2-இல் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல். இரண்டு எண் இருந்தால் முதல் எண்ணுக்கே பலம் அதிகம், 4.15 என்றால் சாம்பல் முந்தும், மஹோகனி பின்னால் நிற்கும். 4.0 அல்லது வெறும் 4 என்றால் சாயல் சேராத இயல்பு பிரவுன்.

இதில் ஒரு குழி இருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லோரியலின் பார்லர் வரிசையில் .1 நீலச் சாம்பல், .7 பச்சை சார்ந்த மேட், .6 சிவப்பு. வெல்லாவில் 1 சாம்பல், 2 மேட். அங்கே 7 என்றால் பிரவுன். ஷ்வார்ஸ்காஃப் இகோராவில் 6 என்பது சாக்லேட். ஒரு கம்பெனி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொன்றில் அதே எண்ணை வாங்கினால், சாக்லேட் வேண்டியவர் தலையில் சிவப்பு ஏறிவிடும். அந்தந்தக் கம்பெனியின் ஷேட் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சாம்பல் மட்டும் போதாது, ஏன்?

சிவப்பு வராமல் இருக்க ‘ஆஷ்’ ஷேட் வாங்குங்கள் என்பது எங்கும் கேட்கிற அறிவுரை. வெளிர்முடிக்கு அது சரி. நம் முடிக்குப் பாதிதான் சரி. ஒரு நிறத்தை அடக்குவது அதற்கு நேரெதிர் நிறம்: சிவப்பைப் பச்சை அடக்கும், செம்மஞ்சளை நீலம் அடக்கும், மஞ்சளை ஊதா அடக்கும். பெரும்பாலான ஆஷ் ஷேட்களில் இருப்பது நீலம். 3, 4-ஆம் நிலைக்கு வெளுத்த முடியில் தலைகாட்டுவதோ நல்ல சிவப்பு. சிவப்பின் மேல் நீலம் விழுந்தால் ஊதா கலந்த பிரவுன் கிடைக்கும். வெயிலில் அது கத்தரிக்காய் நிறமாகத் தெரியும். ஆஷ் வாங்கியும் சிவப்பு போகவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் பலருக்கு நடப்பது இதுதான்.

4-ஆம் நிலையில் நிற்க வேண்டுமானால் உங்களுக்குத் தேவை பச்சை சார்ந்த மேட் ஷேட். 5-ஆம் நிலையில் சிவப்பும் செம்மஞ்சளும் கலந்து தெரியும். அங்கே மேட்டும் ஆஷும் சேர வேண்டும். 6-ஐ நெருங்கினால் செம்மஞ்சள் மட்டுமே நிற்கும், நீல ஆஷ் அங்கேதான் முழுசாக வேலை செய்யும்.

எவ்வளவு வெளுக்கிறோமோ அவ்வளவு சிவப்பைக் கிளப்புகிறோம். அதனால் எந்த நிலையில் நிறுத்துவது என்பதே இந்த வேலையின் முதல் முடிவு. பிளீச் இல்லாமல், வீட்டில், சிவப்பு இல்லாமல் நம் முடியில் நம்பிக்கையோடு எடுக்கக்கூடியது 3 முதல் 4 வரை. 5-ஐ எட்ட 9 சதவீத டெவலப்பர் வேண்டும், சிவப்பும் கூடவே ஏறும். 6-க்கு மேலே போக ஆசைப்பட்டால் பார்லரில் பிளீச் செய்து, செம்மஞ்சளையும் தாண்டி வெளுத்த பிறகு, மிஞ்சிய நிறத்தை அடக்கும் டோனர் போட வேண்டும். டப்பாச் சாயத்தை இரண்டு முறை பூசி அங்கே போய்ச் சேர முடியாது. ஒரு சாயம் இன்னொரு சாயத்தை வெளுக்காது. மேலே மேலே படிந்து நுனி கருத்து, வேர் சிவந்து நிற்கும்.

டெவலப்பரில் 3 சதவீதம் என்பது 10 வால்யூம், 6 என்பது 20, 9 என்பது 30. 3 சதவீதம் ஏறக்குறைய வெளுப்பதில்லை. 6 சதவீதம் ஒன்றிரண்டு நிலை வெளுக்கும், நரையையும் மூடும். 4-ஆம் நிலை பிரவுனுக்கு இது போதும். ‘அம்மோனியா இல்லை’ என்று எழுதியிருந்தால் சிவப்பு வராது என்று நினைக்க வேண்டாம். அம்மோனியாவுக்குப் பதில் எத்தனாலமைன் போன்ற வேறு காரம் அதில் இருக்கும், பெராக்சைடும் இருக்கும், முடி வெளுக்கவே செய்யும்.

கலவை

தோள்வரை உள்ள நடுத்தர அடர்த்தி முடிக்கு 60 கிராம் சாயம் ஆகும். இடுப்புவரை அடர்த்தியாக இருந்தால் 150 முதல் 180 கிராம் வரை எடுத்து வையுங்கள். பாதியில் தீர்ந்துபோய் அவசரமாக இன்னொரு கலவை போட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

நரை இல்லாத, இதுவரை சாயம் படாத கருமுடிக்கு: 4.0 ஷேட் 30 கிராம், 4 அல்லது 5-ஆம் நிலை மேட் 30 கிராம், 6 சதவீத டெவலப்பர். டெவலப்பர் அளவு டியூப் பெட்டியில் போட்டிருக்கும். சில கம்பெனிகள் சாயத்துக்குச் சம அளவு கேட்கும், சில ஒன்றரை மடங்கு கேட்கும். அதாவது 60 அல்லது 90 மில்லி. கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். டெவலப்பர் கூடினால் சாயம் நீர்த்து நிறம் மங்கும், வெளுப்பு மட்டும் நடக்கும், கடைசியில் மிஞ்சுவது சிவப்பு. சமையலறை எடைமெஷின் மேல் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து அளந்தால் முடிந்தது. உலோகக் கிண்ணம் வேண்டாம்.

பாதிக்கு மேல் நரை இருந்தால் விகிதத்தை மாற்ற வேண்டும்: 4.0 ஷேட் 45 கிராம், மேட் 15 கிராம். நரையில் அடக்குவதற்குச் சிவப்பே இல்லாததால் மேட் அதிகமானால் பாசி பிடித்தது போல் பச்சை தட்டும். ஆஷ் அதிகமானால் ஈயம் பூசியது போல் இருக்கும். நரையை மூடுவது இயல்பு ஷேட், சிவப்பை அடக்குவது மேட். இரண்டும் சேர்ந்தால்தான் கலப்பு முடி ஒரே நிறம் காட்டும்.

மேட் ஷேட் கிடைக்காவிட்டால் பார்லர் பொருள் விற்கும் கடைகளில் பச்சை மிக்ஸர் டியூப் கேளுங்கள். 60 கிராம் 4.0-உடன் 4 முதல் 5 கிராம் சேர்த்து, கீழே சொல்லும் கத்தைச் சோதனை பார்த்த பிறகு கூட்டிக் குறைக்கலாம். நரை அதிகமிருந்தால் 2 கிராமில் தொடங்குங்கள்.

பூசுவதற்கு முன்

48 மணி நேரத்துக்கு முன்பு ஒவ்வாமைச் சோதனை. காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ பெட்டியில் சொன்னபடி கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரிப்பு, வீக்கம், கொப்புளம் எது வந்தாலும் அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது. அடர்நிறச் சாயங்களில் இருக்கும் பிபிடி என்னும் பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாது. பத்து வருஷம் பூசியவருக்கும் ஒருநாள் திடீரென்று ஒவ்வாமை வரலாம், அதனால் பழகிய சாயம் என்று இதைத் தவிர்க்காதீர்கள்.

கத்தைச் சோதனையும் அவசியம். பின்கழுத்துப் பக்கம் உள்ளடங்கிய ஒரு சிறு கத்தையில் கலவையைப் பூசி, முழு நேரமும் வைத்து, அலசிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் மேட்டைக் கூட்டலாம். பச்சை தட்டினால் குறைக்கலாம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாளியின் உள்பக்கம் துருக்கறை படிகிறதென்றால் அந்த இரும்பு முடியிலும் படிகிறது. சாயம் சீராகப் பிடிக்காது, நிறமும் செம்மையாகத் திரும்பும். சாயம் பூசுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு இரும்பு போன்ற படிவைப் பிடித்து நீக்கும் ஈடிடிஏ சேர்ந்த கடினநீர் ஷாம்பூவால் ஒருமுறை அலசிவிடுங்கள். பூசும் நாளில் தலைக்குக் குளிக்க வேண்டாம். எண்ணெயும் வேண்டாம்.

பூசும் வரிசை

முதல் முறை முழுத்தலைக்கும் பூசும்போது வேரிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. உச்சந்தலையின் உடல்சூட்டில் பெராக்சைடு வேகமாக வேலை செய்யும். வேரை ஒட்டிய 2 சென்டிமீட்டர் மட்டும் அதிகம் வெளுத்துச் செம்பு வளையம் போல நிற்கும். நெற்றி, காதோரம் வாசலின் தடவிக்கொண்டு, முடியை நான்காகப் பிரித்து, வேரில் 2 சென்டிமீட்டர் விட்டு நடுவிலும் நுனியிலும் முதலில் பூசுங்கள். பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். 15 நிமிடம் கழித்து வேர்ப்பகுதியில் பூசுங்கள். அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் கத்தை எடுக்காதீர்கள். தடித்த கத்தையின் உள்ளே சாயம் போகாது.

ஏற்கெனவே சாயம் பூசிய முடிக்கு வளர்ந்த வேரில் மட்டும் போதும். ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுத்துப் பூசினால் நுனி கருத்துக்கொண்டே போகும். கடைசி 5 நிமிடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வேரில் உள்ளதை நுனிவரை கையால் நீவிவிட்டால் நிறம் ஒட்டிவிடும். நரை முன்நெற்றியிலும் காதோரத்திலும் குவிந்திருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். அந்த முடி சாயத்தை லேசில் வாங்காது.

பிறகு காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பெட்டியில் 35 நிமிடம் என்றால் கடைசி வேர் பூசி முடித்த பிறகு 35 நிமிடம். வெளுப்பு முதலிலேயே தொடங்கிவிடும். சாயத் துகள்கள் முடிக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து முழு நிறத்துக்கு வருவதற்குக் கடைசிவரை நேரம் வேண்டும். அரிக்கிறது, கருத்துவிட்டது என்று 20 நிமிடத்தில் அலசினால் வெளுத்த சிவப்பு மட்டும் கையில் நிற்கும், அதை அடக்க வந்த சாயம் வடிகாலில் போய்விடும். மேலே பூசிய களிம்பு கருப்பாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது காற்றுப்பட்டுக் கருத்ததே தவிர முடியின் நிறம் இல்லை. உண்மையான எரிச்சல் இருந்தால் மட்டும் உடனே அலச வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் வெயிலில் உட்காராதீர்கள், சூடு கூடினால் வெளுப்பும் கூடும். ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். காய்ந்த சாயம் வேலை செய்யாது. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, டப்பாவில் வரும் கண்டிஷனரைப் போடுங்கள். இரண்டு நாள் ஷாம்பூ தொடாதீர்கள்.

மருதாணித் தலைக்கு

மருதாணியில் இருக்கும் லாசோன் என்னும் நிறமி முடியின் கெரட்டின் புரதத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும். அதன் நிறம் செம்மஞ்சள். பீட்ரூட், டீத்தூள் டிகாஷன், காப்பி என்று எதைச் சேர்த்தாலும் அந்த அடிப்படை மாறாது. மருதாணி வழியே சிவப்பில்லாத பிரவுன் எடுக்கக் கூட்டாளி ஒன்றே ஒன்று: அவுரி. அவுரியின் நீலம் மருதாணியின் செம்மஞ்சளை அடக்கிப் பழுப்பாக்கும்.

விகிதம்தான் நிறம். மருதாணி ஒரு பங்கு, அவுரி இரண்டு பங்கு என்றால் நரையில் அடர் பிரவுன். சம பங்கு என்றால் நடுத்தர பிரவுன், வெயிலில் லேசான செம்மையோடு. மருதாணி கூடினால் சிவப்புதான். கருமுடியில் இது எதையும் வெளுக்காது, நரையில் மட்டுமே நிறம் காட்டும்.

தோள்வரை முடிக்கு 70 கிராம் மருதாணிப் பொடி, 20 கிராம் நெல்லிப்பொடி இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து 6 முதல் 8 மணி நேரம் ஊறவிடுங்கள். நெல்லி சிவப்பைக் கொஞ்சம் தணிக்கும். எலுமிச்சையும் தயிரும் வேண்டாம். புளிப்பு கூடினால் அவுரி பிடிக்காது. பூசப்போகும் நேரத்தில் மட்டும் 140 கிராம் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு கரையுங்கள். 10, 15 நிமிடத்தில் மேல்பக்கம் நீலம் படரும். படரவில்லை என்றால் பொடி பழசு, அதைப் பூசினால் வெறும் மருதாணி நிறம்தான் கிடைக்கும். இரண்டையும் கலந்து உடனே பூசுங்கள். அவுரியின் சக்தி அரை மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கிவிடும். தலையை மூடி இரண்டரை மணி நேரம் வைத்து, தண்ணீரில் மட்டும் அலசுங்கள்.

முதல் நாள் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவுரி காற்றுப்பட்டு முழு நிறத்துக்கு வர 48 மணி நேரம் ஆகும். அதற்குள் ஷாம்பூவோ சீயக்காயோ போட்டால் நீலம் கழன்று, பிடிவாதக்காரச் சிவப்பு மட்டும் தங்கிவிடும். மருதாணி–அவுரி பூசியும் சிவந்தது என்பவர்களிடம் கேட்டால் மறுநாளே தலைக்குக் குளித்திருப்பார்கள்.

‘கருப்பு மெஹந்தி’ என்று பாக்கெட்டில் வருவதில் பிபிடி சேர்ந்திருக்கலாம், உலோக உப்பும் இருக்கலாம். உலோக உப்பு படிந்த முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் பொசுங்கிப்போகும். பாக்கெட் மெஹந்தியோ இரும்புச் சட்டியில் ஊறவைத்த மருதாணியோ பூசிவந்தவர்கள் கெமிக்கல் சாயத்துக்கு மாறும்போது, சீப்பில் வரும் முடியைச் சேர்த்து, கலந்த சாயத்தில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். கிண்ணம் சூடானாலோ, நுரைத்தாலோ, முடி விறைத்தாலோ தலையில் பூசவே கூடாது. அந்த முடி வளர்ந்து வெட்டிப் போகும்வரை பொறுக்க வேண்டும்.

ஏற்கெனவே சிவந்துவிட்டதா?

மறுபடியும் 6 சதவீதத்தில் பூசாதீர்கள், மறுபடியும் வெளுக்கும். தேவை வெளுக்காமல் படிய மட்டும் செய்யும் சாயம்: டெமி-பெர்மனென்ட் வகையில் 4-ஆம் நிலை மேட் 30 கிராம், அதற்குரிய 3 சதவீதம் அல்லது அதற்கும் குறைந்த டெவலப்பர். ஈரம் ஒற்றிய முடியில், சிவந்த இடத்தில் மட்டும் பூசுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கத்தையைத் துடைத்துப் பாருங்கள். 10 முதல் 20 நிமிடத்துக்குள் சிவப்பு அடங்கிவிடும். அடங்கியதும் அலசுங்கள், நேரம் பாக்கி இருக்கிறதே என்று விடாதீர்கள்.

முன்பு பூசிய பர்கண்டியின் சிவப்பு என்றால், அதன் மேல் வெளிர் பிரவுன் பூசிப் பயனில்லை. ஒரு நிலை இறங்கி 3.0-உடன் கொஞ்சம் மேட் சேர்த்து மூடுவது பாதுகாப்பான வழி. வெளிர்நிறம்தான் வேண்டுமென்றால் சாயநீக்கி போட வேண்டும், அதைப் பழகிய பார்லர் கைக்கு விட்டுவிடுங்கள்.

ஊதா ஷாம்பூ மஞ்சளுக்கு மட்டும். நம் சிவப்பை அது தொடாது. 4-ஆம் நிலை பிரவுனுக்குப் பச்சை ஷாம்பூ, 5, 6-க்கு நீல ஷாம்பூ. வாரம் ஒருமுறை 3 நிமிடம் வைத்து அலசினால் போதும். நரையில் படும்போது நேரத்தைப் பாதியாக்குங்கள்.

எவ்வளவு சரியாகப் பூசினாலும் மேட் சாயல் மெல்லக் கழுவிப் போகும், வெளுத்த முடியின் செம்மை அடியிலேயே இருக்கும். சுடுதண்ணீர்த் தலைக்குளியல், சீயக்காயை வறவறவென்று தேய்ப்பது, நீச்சல்குளக் குளோரின், உச்சிவெயில், 180 டிகிரிக்கு மேல் வைக்கும் ஸ்ட்ரெயிட்னர் எல்லாமே அதை விரைவாக்கும். எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. சாயம் பூசி ஒரு வாரம் தள்ளி, ஆறிய தண்ணீரில், சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவோடு வைத்துக்கொள்ளுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும். 5, 6 வாரத்துக்கு ஒருமுறை வேருக்கு 6 சதவீதத்தில் தொட்டுவிட்டு, நீளத்துக்கு அந்த டெமி மேட்டை 10 நிமிடம் மட்டும் போடுங்கள்.